குடத்துக்கு வெளியே நின்றவர்கள்

கிராம சபைக்கு என்ன வயது என்று கேட்டால் மேடையில் நிற்பவர்கள் யோசிக்காமல் சொல்வார்கள்: ஆயிரத்து நூறு ஆண்டுகள். கூடவே உத்திரமேரூர் வரும், பராந்தக சோழன் வருவான், பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிட்டு ஆள் எடுத்த குடவோலை வரும். கைதட்டல் எழும். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், இந்தச் சபையைப் பெற்றெடுக்கப் பலர் பட்ட பாடு மறைந்துபோகிறது. இன்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிற சபை சோழர் காலத்துக் குடத்திலிருந்து நேரே இறங்கி வரவில்லை. அந்தக் குடத்தில் தங்கள் பெயர் ஒருநாளும் விழாது என்று இருந்தவர்கள் உள்ளே வந்தபோதுதான் அது பிறந்தது. அந்தப் பிரசவம் இன்னும் முடியவில்லை என்பதுதான் என் கவலை.

காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரியில் நின்று பார்த்தால் இந்தக் கதையின் முக்கியமான இடங்களில் பல சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. தெற்கே உத்திரமேரூர். மேற்கே காஞ்சி நகரம். வடமேற்கே பரந்தூரும் ஏகனாபுரமும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செங்காடு. நடுவில், மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்றை ஒட்டித் தென்னேரி. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என்று வழங்கிய ஊர் என்பார்கள். சோழர் கல்வெட்டுகள் உள்ள கந்தளீசுவரர் கோயில் இங்கே இருக்கிறது. ஏரிப் பாசனமும் கோயிலும் பட்டுத்தறியும் உள்ள வட்டாரத்தில் கூடிப் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதிகள் எந்தக் காலத்திலும் குறைந்ததில்லை. மதகை எப்போது திறப்பது, கரை உடைந்தால் யார் ஆள் அனுப்புவது, பொதுப்பணம் யார் கையில் இருப்பது, இருப்பவர் யாரிடம் கணக்குச் சொல்வது.

உத்திரமேரூர் சபை முதலில் கவலைப்பட்டதும் இந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றித்தான். பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், வாரியங்கள் என்ற நிர்வாகக் குழுக்களுக்கு ஆள் எடுக்கும் முறை பற்றி ஒரு தீர்மானம் போட்டார்கள். இரண்டே ஆண்டில், 921இல், அதைத் திருத்தி இன்னும் விரிவாக எழுதினார்கள். போட்ட விதி சரிவரவில்லை என்றால் உட்கார்ந்து மாற்றலாம், மாற்றியதைக் கல்லில் வெட்டி எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. 1898இல் கல்வெட்டுத் துறையினர் கண்டெடுத்த இந்தச் சாசனங்களைப் பற்றிக் கல்வெட்டறிஞர் வெங்கையா விரிவாக எழுதி, அது தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் வெளிவந்தது.

அந்த 921 சாசனம் சொல்லும் காட்சியை மெல்லப் பார்க்க வேண்டும். ஊரைக் குடும்பு எனப்படும் 30 வார்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, மேலே குடும்பின் பெயரைக் குறித்துக் குடத்தில் போடுகிறார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் மண்டபத்தில் கூடுகிறார்கள். நம்பிமார் என்ற கோயில் அர்ச்சகர் அத்தனை பேரும் நடுவே அமர, அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டுகிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அந்தக் கட்டின் ஓலைகளை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குகிறார்கள். சிறுவன் மறுபடி ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! அவன் வாசித்ததை அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். பிறகுதான் பெயர் எழுதப்படும். இப்படி வந்தவர்களிலிருந்து சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள். கடந்த மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது.

இதையெல்லாம்விட என்னை நிறுத்திவைக்கிற விதி ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. அவரோடு முடிந்ததா என்றால் இல்லை. அவருடைய அப்பா, மகன், உடன்பிறந்தார், மாமனார், மைத்துனர், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று உறவுப் பட்டியல் நீள்கிறது. அத்தனை பேருக்கும் தடை. பதவியில் இருந்து இறங்கியவர் தன் ஆளைத் தன் இடத்தில் உட்காரவைத்துக் கணக்கை மூடிவிடுவார் என்ற அனுபவ அறிவு இல்லாமல் இந்த வரியை எழுதியிருக்க முடியாது.

ஆனால் யார் பெயரை ஓலையில் எழுதினார்கள்? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். மந்திர பிராமணம் கற்று ஓதுவிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அரைக்கால் வேலி மட்டும் உள்ளவர் என்றால் ஒரு வேதமும் ஒரு பாடியமும் கூடுதலாகக் கற்றிருக்க வேண்டும். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், பிராமணருக்குக் கொடையாகக் கொடுத்த ஊர். அதன் சபை நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை. ஏரி வாரியம் பராமரித்த கரைக்கு மண் சுமந்தவர் பெயர் குடத்தில் இல்லை. குத்தகைக்கு உழுதவர் பெயர் இல்லை. தறியில் உட்கார்ந்தவர் பெயர் இல்லை. சேரியில் இருந்தவரை நினைக்கவே இல்லை. எந்தத் தெருவிலும் எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. மற்ற ஊர்களில் இருந்த ‘ஊர்’ என்ற அவையும் நிலம் உள்ளவர்களுடையதுதான்.

காஞ்சியின் நெசவாளருக்கு வேறொரு வழி திறந்திருந்தது. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன்படி கச்சிப்பேடு என்ற காஞ்சியில் இருந்த ஊரகத்துப் பெருமாள் கோயிலின் பொன், நகரத்து நெசவாளர் குடியிருப்புகளிடம் முதலாக ஒப்படைக்கப்பட்டது. பட்டசாலியர் என்ற நெசவாளர்கள் கோயில் காரியத்தை மேற்பார்க்கும் பொறுப்பும் ஏற்றார்கள். ஆண்டுக்கொருமுறை கணக்குப் பார்க்கவும் ஏற்பாடு இருந்தது. பணத்தையும் கணக்கையும் நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர்களாக நெசவாளர்களை இந்த நகரம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கருதியிருக்கிறது. அதே காலத்தில் பக்கத்து பிரமதேயத்தின் குடத்தில் அவர்கள் பெயரை எழுத ஓலை கிடையாது. சாமானியருக்குத் திறமை போதாது என்று இன்றும் சிலர் சொல்லும்போது எனக்கு இந்தச் செப்பேடுதான் நினைவுக்கு வரும்.

நம் ஊரை மட்டும் குறை சொல்வதற்கு இல்லை. சுவிட்சர்லாந்தின் மலைநாடுகளில் குடிமக்கள் ஆண்டுக்கொருமுறை திறந்தவெளியில் கூடிக் கைதூக்கிச் சட்டம் செய்கிறார்கள். உலகமே வியந்து எழுதும் நேரடி மக்களாட்சி அது. அங்கே ஆப்பன்செல் உள்மாநிலம் என்ற பகுதியின் சபையில் பெண்கள் முதன்முதலாக நின்று கைதூக்கியது 1991இல். அதுவும் ஆண்கள் கூடி மனமுவந்து கொடுத்ததால் அல்ல. கொடுக்க மாட்டோம் என்று 1990இல் ஆண்கள் வாக்களித்த பிறகு, அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கொடுத்தது. பழைய சபைகள் எளிதில் தம் கதவைத் தாமாகத் திறப்பதில்லை. வெளியிலிருந்து ஒரு சட்டம் வந்து தட்ட வேண்டியிருக்கிறது.

நம் கதவைத் தட்டிய சட்டத்தின் கதை 1948 நவம்பரில், டெல்லியில், அரசியல் நிர்ணய சபையில் தொடங்குகிறது. வரைவு அரசமைப்பில் கிராமப் பஞ்சாயத்து என்ற சொல்லே இல்லை. காந்தியின் கிராம சுயராச்சியம் எங்கே போயிற்று என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள். நவம்பர் 4ஆம் நாள் வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் மழுப்பவில்லை. கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் சாதி மதப் பகையும் குடிகொண்ட இடம், வரைவு அதைக் கைவிட்டுத் தனி மனிதரை அடிப்படை அலகாகக் கொண்டதில் தனக்கு மகிழ்ச்சிதான் என்ற பொருளில் பேசினார். பலருக்கு அது சுட்டது. சென்னை மாகாணத்து உறுப்பினர் டி. பிரகாசம், காஞ்சிபுரத்துப் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துச் சொல்லி, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்த நாடு இது என்று வாதாடினார். நவம்பர் 22ஆம் நாள், தஞ்சை மண்ணிலிருந்து சென்ற கே. சந்தானம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்து, தன்னாட்சி அலகுகளாக இயங்கத் தேவையான அதிகாரத்தை அரசு அளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். அதுதான் 40ஆம் கூறு. ஆனால் வழிகாட்டு நெறிகளுக்குள் வைத்தார்கள். செய்யாவிட்டால் நீதிமன்றம் கேட்க முடியாது.

இந்த விவாதத்தைக் காந்திக்கும் அம்பேத்கருக்கும் நடந்த போட்டியாகப் படிக்கிற வழக்கம் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரகாசம் பார்த்தது குடத்தை. அம்பேத்கர் பார்த்தது குடத்துக்கு வெளியே நின்றவர்களை. இருவர் கண்டதும் உண்மை. பிரகாசம் பெருமைப்பட்ட முறையை அம்பேத்கர் கேட்ட மனிதர்கள் கையில் கொடுத்தால் அதுவே கிராம சபை. அதைச் செய்ய இந்த நாட்டுக்கு மேலும் நாற்பத்தைந்து ஆண்டு பிடித்தது.

அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு, 1959 அக்டோபர் 2இல் ராஜஸ்தானின் நாகௌரில் நேரு ஏற்றிவைத்த பஞ்சாயத்து ராஜ், 1978இல் அசோக் மேத்தா குழு. அறிக்கைகள் வந்தன. கிராம சபை ஏன் கூடுவதில்லை, கூடினால் ஏன் ஆள் வருவதில்லை என்று ஆராய 1962இலேயே திவாகர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். தமிழகத்தில் 1958இல் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. ஆனால் தேர்தல் வைப்பது ஆட்சியாளரின் விருப்பமாக இருந்தது. 1970இல் நடந்த உள்ளாட்சித் தேர்தல் அடுத்து நடந்தது 1986இல். 1989இல் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த 64ஆவது திருத்தம் மாநிலங்களவையில் தோற்றது. நரசிம்ம ராவ் காலத்தில், 1992 டிசம்பரில் 73ஆவது திருத்தம் நிறைவேறியது. 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது.

அந்தத் திருத்தத்தில் மிகச் சிறிய ஒரு விளக்க வரி இருக்கிறது. ஊராட்சி எல்லைக்குள் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் அடங்கிய அமைப்பே கிராம சபை. அவ்வளவுதான். கால் வேலி இல்லை, சொந்த மனை இல்லை, வேதம் இல்லை, ஆண் என்று இல்லை, 35 வயது இல்லை. 18 வயது நிறைந்து பட்டியலில் பெயர் இருந்தால் போதும். யாரும் யாரையும் தேர்ந்து அனுப்ப வேண்டியதில்லை, குடத்துக்கே வேலையில்லை, ஊரே உறுப்பினர். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நமக்குப் பதிலாக ஒருவர் போகிறார். இங்கே நாமே போகிறோம். இந்தியச் சாமானியருக்கு நேரே உட்காரும் இடம் தந்த அவை, அரசமைப்பில் இது ஒன்றுதான். பிறந்த தேதி கேட்பவர்களுக்கு நான் 1993 ஏப்ரல் 24 என்றே சொல்வேன். தமிழகத்துக்கு இன்னும் இரண்டு நாள் குறைய ஓராண்டு தள்ளி, 1994 ஏப்ரல் 22இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் பிறந்ததும் ஊர் மாறிவிடவில்லை. 1996இல் தேர்தல் வந்தபோது சில ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மதுரை மாவட்டம் மேலவளவில் மனுப் போட்டவர்களை மிரட்டினார்கள், வாக்குப்பதிவைத் தடுத்தார்கள். அதையெல்லாம் தாண்டித் தலைவரான முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30ஆம் நாள், மதுரையிலிருந்து திரும்பும் பேருந்திலிருந்து இறக்கி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் பத்தாண்டு தேர்தலே நடக்கவில்லை. மனுவே வராமல் பார்த்துக்கொண்டார்கள், வந்து வென்றவரை உடனே பதவி விலக வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் வந்து நாற்காலியில் அமர்ந்தார்கள். 1948இல் அம்பேத்கர் எதை அஞ்சினார் என்பதற்கு அரை நூற்றாண்டு கழித்து மதுரை மாவட்டம் சாட்சி சொல்லிற்று. 2021 அக்டோபர் 2இல் முதலமைச்சர் ஸ்டாலின் பாப்பாபட்டிக் கிராம சபையில் போய் உட்கார்ந்ததை விளம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்த ஊரின் பெயர் பத்தாண்டு எதற்காகச் செய்தியில் அடிபட்டது என்று தெரிந்தவர்களுக்கு அந்த நாளின் அருமை புரியும். அடுத்த ஏப்ரல் 24இல் அவர் நம் மாவட்டத்துச் செங்காட்டு கிராம சபைக்கு வந்தார்.

சரி, நம் ஊர்ப் பக்கம் சபை எப்படி நடக்கிறது? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் இருந்தது. அண்மையில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 இரண்டையும் சேர்த்தார்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வந்தால் சபை செல்லும். 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். முன்பு தண்டோரா போட்டுச் சொல்வார்கள். பறையடிப்பவரை இழிவுபடுத்தும் வழக்கம் அது என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் தடை செய்யச் சொன்னார். ஒலிபெருக்கி போதும் என்றார். சபைக்கு ஊரை அழைப்பதிலேயே ஒருவரைத் தாழ்த்தும் வழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதை நாம் அதுவரை யோசித்தோமா என்று தெரியவில்லை.

கூட்டம் சேர்ப்பது எளிது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை வரச் சொன்னால் எண்ணிக்கை நிறைந்துவிடும். ஊராட்சிச் செயலர் நோட்டை நீட்டுவார், கையெழுத்தோ கைநாட்டோ விழும், அரசு அனுப்பிய பற்றாளர் குறித்துக்கொள்வார். பல ஊர்களில் சபை அத்தோடு முடிந்துவிடுகிறது. தீர்மானம் எழுதுவதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுகிற வழக்கம் தமிழகம் முழுக்க உண்டு. கையெழுத்துப் போட்டவர் எதற்குச் சம்மதித்தார் என்று அவருக்கே தெரியாது. வெயிலில் வந்து உட்கார்ந்த அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வெறும் தாளில் கையெழுத்து வாங்கும் முறைதான் மாற வேண்டும். எழுதி, உரக்க வாசித்து, ஒப்புக்கொண்ட பிறகு கையெழுத்து. விரித்த உள்ளங்கையில் ஓலையை வாங்கிய ஊர்க்காரர்களுக்கு இதைக் கேட்க உரிமை இருக்கிறது.

கணக்கும் அப்படியே. ஊராட்சியின் வரவு செலவைச் சபையில் வைக்க வேண்டும், தணிக்கை அறிக்கையைச் சபை பார்க்க வேண்டும், வேலைத் திட்டத்துக்கும் பயனாளிகள் பட்டியலுக்கும் சபை ஒப்புதல் தர வேண்டும். எல்லாம் விதியில் இருக்கிறது. இந்த விதிக்கு உயிர் கொடுத்தவர்கள் ராஜஸ்தானின் கூலிகள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கத்தார் பொது வேலைகளின் கூலிப் பட்டியலை மக்கள் நடுவில் உரக்க வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயர்கள் அதில் இருந்தன. கட்டி முடிக்காத கட்டடத்துக்குப் பில் இருந்தது. அந்த விசாரணைகளின் நீட்சிதான் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், நூறு நாள் வேலைச் சட்டத்தின் சமூகத் தணிக்கைப் பிரிவும். தமிழகம் 1997இலேயே தகவல் உரிமைக்குச் சட்டம் செய்த முதல் மாநிலம். விலக்குகள் மலிந்து அந்தச் சட்டம் பயனற்றுப் போனது வேறு விஷயம். எழுத்தறியாத கூலிகள் பட்டியலை வாசிக்கக் கேட்டே திருட்டைக் கண்டுபிடித்தார்கள். படித்தவர் மிகுந்த நம் மாவட்டத்தில் கணக்கை வாசிக்கச் சொல்லி எழுந்து நிற்பவர்கள் ஊருக்கு எத்தனை பேர்?

எழுந்து நின்ற ஊர் ஒன்றும் இங்கே இருக்கிறது. 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வான செய்தி வந்தது. குடியிருப்பும் வயலும் ஏரியும் சேர்ந்து போகும் ஊர்களில் ஏகனாபுரம் முதன்மையானது. அந்த மாதம் 15ஆம் தேதி கிராம சபையிலேயே நிலம் தர மாட்டோம் என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த சபையிலும் போட்டார்கள். அதற்கடுத்ததிலும். பத்து தடவைக்கு மேல் அதே தீர்மானம். வேலை முடித்து வந்து மாலைதோறும் கூடி உட்கார்ந்தார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஊரில் பெரும்பாலோர் வாக்குச் சாவடிக்கே போகவில்லை. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. வளரும் நகரத்துக்கு அது தேவை, இழப்பீட்டைக் கூட்டித் தருகிறோம் என்பது அரசின் பக்கம். என் கேள்வி வேறு. ஓர் ஊர் தன் சபையில், விதிப்படி கூடி, ஒரே குரலில், திரும்பத் திரும்ப ஒரு முடிவைச் சொன்னால் அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு?

ஒடிசாவின் நியம்கிரி மலையில் அதற்கு மதிப்பு இருந்தது. பாக்சைட் சுரங்கம் பற்றி கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்று 2013 ஏப்ரல் 18இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அங்கே வன உரிமைச் சட்டம் சபையின் கையில் அதிகாரம் கொடுத்திருந்தது. ஏகனாபுரத்துக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. மத்திய அரசின் 2013 நிலம் எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க ஆய்வு உண்டு, அதை மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டிய கடமை உண்டு. பரந்தூருக்கு நிலம் எடுப்பது அந்தச் சட்டத்தின்படி அல்ல, தமிழகத்தின் 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்கங்களுக்கான நிலம் எடுப்புச் சட்டத்தின்படி. மாநிலத் திருத்தம் ஒன்று இந்தச் சட்டத்தை அந்த ஆய்விலிருந்தும் கடமையிலிருந்தும் விலக்கி வைத்திருக்கிறது. நீதிமன்றப் போராட்டத்துக்குப் பிறகு 2019இல் அந்த 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் திரும்ப உயிர் கொடுத்தார்கள். 2021இல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. ஆக, சபைக்கு என்னென்ன அதிகாரம் என்பதை மாநிலச் சட்டமே முடிவு செய்யும் என்று 73ஆவது திருத்தம் விட்ட இடைவெளி, ஏகனாபுரத்தில் வந்து நிற்கிறது. தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் சபை தீர்மானம் போடலாம். ஊரே இருக்குமா என்பதற்குப் போடும் தீர்மானம் மனுவாகத்தான் மேலே போகிறது. சபைக்கு இடம் கொடுத்தவர்கள் கேட்கப்படும் உரிமையைக் கொடுக்கவில்லை. சீர்திருத்தம் என்று இன்று ஒன்றைச் செய்ய வேண்டுமானால் அதை இங்கேதான் தொடங்க வேண்டும்: ஊரின் நிலத்தையும் நீரையும் எடுக்கும் எந்தச் சட்டமானாலும், அந்த ஊர்ச் சபையின் முடிவைக் கேட்டு, மறுத்தால் ஏன் மறுக்கிறோம் என்று எழுத்தில் சபையிடமே பதில் சொல்லும் கடமை.

இன்னொரு காயம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கென்றே உண்டு. அதை நாம் மிகச் சீக்கிரம் மறந்துவிட்டோம். 2011இல் தேர்வான ஊராட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தலை, அறிவிப்பில் குறை இருந்ததால் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு எல்லை, வழக்கு, இட ஒதுக்கீடு என்று ஆண்டுகள் ஓடின. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களில் எல்லை வரையறை முடியட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, டிசம்பர் இறுதியில் மற்ற மாவட்டங்களின் கிராமங்கள் வாக்களித்தபோது நாம் உட்பட ஒன்பது மாவட்டங்கள் வேடிக்கை பார்த்தன. நமக்குத் தேர்தல் வந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். ஐந்து ஆண்டு. ஒரு முழுப் பதவிக்காலம். அந்தக் காலம் முழுவதும், பெருந்தொற்றின் கொடிய மாதங்கள் உட்பட, தென்னேரிக்கும் உத்திரமேரூரைச் சுற்றிய ஊர்களுக்கும் ஊரார் தேர்ந்த தலைவர் கிடையாது. தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். குடவோலைக்குப் பேர்போன மாவட்டத்தில், தேர்ந்தெடுக்கும் உரிமை ஐந்தாண்டு அலமாரியில் இருந்தது. யாரும் பெரிதாகச் சத்தம் போடவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று அரசமைப்பின் 243-இ கூறு சொல்கிறது. உள்ளாட்சித் தேர்தலைச் சாக்குச் சொல்லித் தள்ளக் கூடாது என்று 2006இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இருந்தும் 2019இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகள் 2025 ஜனவரி 5ஆம் நாள் காலம் முடிந்து தனி அலுவலர்களிடம் போயின. நம் மாவட்டத்து ஊராட்சிகளின் ஐந்தாண்டு முடிவது 2026 அக்டோபரில். உரிய நாளில் எங்கள் ஊராட்சிக்குத் தேர்தல் நடத்துங்கள் என்று ஒரு தீர்மானத்தைத் தென்னேரியும் வாலாஜாபாத் ஒன்றியத்தின் மற்ற ஊர்களும் தங்கள் சபையில் போட வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் நகல் அனுப்ப வேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், எந்தத் துறையின் அனுமதியும் வேண்டாம். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒருவர் எழுந்து முன்மொழிந்தால் போதும். அதை நோட்டில் எழுதவைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதன்பிறகு கையெழுத்துப் போடுங்கள்.